ஏற்கனவே வந்து சேர்ந்தவள்

அனிமூசா தீவுக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு ஏஜியன் இணைப்பு வாரியம் சுவருக்குச் சுவர் பதில் ஒட்டி வைத்திருக்கிறது: விமானத்திலும் போகலாம், கப்பலிலும் போகலாம். என் தங்கை ரோதான்தி ஒரே வாரத்தில் இரண்டிலும் போனாள். வாரியத்தைக் குறை சொல்ல வழியே இல்லை.

தங்கை என்றால் சித்தி மகள். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஒரு இனிப்புக்கடையில் கேக்குகளுக்குப் பூ வைக்கிறவள். மாப்பிள்ளை லினார்தோஸ் எங்கள் தீவுக்காரன், எண்ணெய்க் கப்பலில் சமையல்காரன். ஆகஸ்டில் அவன் வேலைக்குப் போய்விட்டால் திரும்பி வர அடுத்த வசந்தம் ஆகும். ஆகவே ஜூலையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தீவுக் கோயிலில் கல்யாணம் என்று நிச்சயித்திருந்தார்கள். மறுநாள் திங்களன்று மாதாவின் நோன்பு தொடங்குகிறது. நோன்பு நாளில் எங்கள் சாமியார் யாருக்கும் முடி சூட்டமாட்டார்.

இதற்கும் மேலே ஒரு அவசரம் இருந்தது. கல்யாண உடையின் இடுப்புத் தையலை ஏற்கனவே ஒருமுறை பிரித்து விட்டாகிவிட்டது. இனி விடுவதற்குத் துணி இல்லை. காரணத்தை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கலியோபிச் சித்தி மட்டும், "கேக் கடையில வேலைன்னா உடம்பு போடத்தானே செய்யும்" என்று யாரும் கேட்காமலே அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

நான் ஸராந்திஸ், கல்யாணத்துக்குக் கும்பாரோஸ். அதாவது மணமக்கள் தலையில் பூமுடிகளை மாற்றி மாற்றி வைக்கிறவன். முடிகள் இருந்த பெட்டி அந்த வாரம் முழுக்க என் மடியிலேயே கிடந்தது. நான் போய்ச் சேராவிட்டாலும் கல்யாணம் நடக்காது.

புதன்கிழமை காலையில் துறைமுக வாசலுக்குப் போனோம். கோடைதோறும் ஏஜியன் கடலில் வீசும் மெல்தேமிக் காற்று பெட்டிகளைக் கையிலிருந்து பிடுங்கியது. வாரியத்தின் கப்பல் எல்பிதா கரையோடு கட்டிக் கிடந்தது. வாசலில் வாரியச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி நின்றிருந்தாள்.

"கப்பல் கிளம்புமா?" என்று கேட்டாள் சித்தி.

"ஏறுங்கம்மா."

"கிளம்புமான்னு கேட்டேன்."

"ஏறினாத்தானேம்மா பயணம் ஆரம்பிக்கும்?"

ஏறினோம். வரவேற்பு அறிவிப்பு வந்தது. உயிர்காப்புச் சட்டை போடுவது எப்படி என்று ஒரு இளைஞன் ஆடிக் காட்டினான். குளிர்ந்த காபி விற்றார்கள். சித்தி வாந்தி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தூங்கிப்போனாள். இடதுபுறம் பிரேயஸ் துறைமுகம் தெரிகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. நண்பகலிலும் இடதுபுறம் பிரேயஸ்தான் தெரிந்தது. ரோதான்தி மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் நடந்து நடந்து செருப்பின் வாரை அறுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் சொக்கட்டான் பலகையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டார். "இந்தக் கப்பலுக்குப் புதுசா? நாளைக்குச் சமையலறைப் பக்கமா உட்காருங்க. அங்க ஆட்டம் கம்மி."

"கப்பல் கட்டித்தானே கிடக்கு?"

"பழக்கம்தான், தம்பி."

சாயங்காலம், எங்களோடு பயணித்ததற்கு நன்றி, உடைமைகளை மறக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். ஏறிய அதே பலகை வழியாக இறங்கினோம். சித்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஊரு ஏண்டி இவ்வளவு மாறிப்போச்சு?" என்றாள்.

ரோதான்தி பெண் அதிகாரியிடம் ஓடினாள். "ஏன் கிளம்பல?"

"எட்டாம் எண் காற்று, கண்ணு. கயிற்றை அவிழ்க்கத் தடை."

"அப்புறம் எதுக்கு எங்களை ஏத்தினீங்க?"

"ஏத்தலைன்னா பயணம் ரத்துன்னு ஆயிடும். எங்க வாரியத்துல ரத்துங்கற பேச்சே கிடையாது."

"தாமதம்னாவது சொல்லியிருக்கலாமே?"

அவள் உண்மையிலேயே புண்பட்டுப்போனாள். "கிளம்பாத கப்பல் எப்படிம்மா தாமதமாகும்?"

வியாழக்கிழமையும் பயணித்தோம். சமையலறைப் பக்கம் ஆட்டம் கம்மியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சித்தி கொதித்தெழுந்து விமானம் என்றாள். வாரியத்துக்குச் சொந்தமாக ஒரு சிறு விமானம் உண்டு. அதில் ஏறுமுன் ஆட்களையும் எடை போடுவார்கள். சித்தியின் எடையை ஒருவன் உரக்கப் படித்தான். "அதுல பாதி கைப்பைடா" என்று சித்தி அவனைவிட உரக்கச் சொன்னாள். ரோதான்தி எடைமேடையில் ஏறியபோது நாங்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

விமானம் கிளம்பியது. கிளம்பியதே எங்களுக்கு அதிசயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தீவு தெரிந்தது. கோயிலின் நீலக் கூரை, காற்றாலை மேடு, எங்கள் மாமா கூரை போடாமலே விட்டுவைத்த வீடு. ஓடுதளத்து வேலிக்கு வெளியே ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"லினார்தோஸ்!" ரோதான்தி ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். "அண்ணே, அவன்தான். இளைச்சுட்டான் பாரு."

விமானம் இறங்கியது. புதர்களில் மேயும் ஆடுகளின் காதுகூடத் தெரிந்தது. பிறகு காற்று பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை விட்டது. மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே போய்விட்டோம். இன்னொரு சுற்று. இன்னொரு அறை. லினார்தோஸ் வேலியோரமாக எங்கள் பின்னாலேயே ஓடிவந்தான், வேலி முடியும்வரை. பிறகு கடல்தான்.

ஏதென்ஸில் தரையிறங்கியதும் பணிப்பெண் ஒலிவாங்கியை எடுத்து, அனிமூசாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்றாள்.

விமான நிலையத்தில் வாரியத்தின் மேசையில் இருந்த ஆளிடம் போய் நின்றோம்.

"தீவைப் பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

"பார்த்தோம்."

"தெளிவா?"

"ஆட்டுக் காது வரைக்கும்."

"அப்ப சரி. காட்சிவழி வருகை." திரையில் எதையோ தட்டினான். "நீங்க வந்து சேர்ந்தாச்சு."

"அடேய்," என்றாள் சித்தி, "அப்ப பொண்ணுக்குப் பிள்ளையும் ஜன்னல் வழியாத்தான் பொறக்குமா?" சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வரிசையில் நின்றவர்கள் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள். ரோதான்தி மட்டும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது.

அன்று மதியமே வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனோம். இயக்குநர் எபாமினோந்தாஸ் கலாந்திஸ் எங்களை உடனே உள்ளே அழைத்தார். குறைகேட்கும் பிரிவுக்குத் தீவுக்காரர்கள் யாரும் வந்து சேர்வதில்லை என்பதால் அவருக்கு நேரம் நிறைய இருந்தது.

"மணப்பொண்ணா? வாழ்க, வாழ்க! உட்காருங்க. உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இந்த வாரியமே. இந்த வருஷம் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தோம் தெரியுமா? முந்நூறு. தீவுக்காரங்களுக்குத்தான் முன்னுரிமை. ஆனா ஒருத்தர்கூடத் தேறல. நேர்காணலுக்கு வந்து சேர்ற ஒழுக்கம் அவங்ககிட்ட இல்லம்மா."

அவருக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு கடல் வரைபடம் தொங்கியது. அதில் அனிமூசா பிரேயஸுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"எங்க தீவு இங்க இல்லியே ஐயா," என்றேன்.

"பழைய படத்துல இல்ல." அவர் முகம் மலர்ந்தது. "ரொம்பத் தள்ளிக் கிடந்தது பாவம். தூரமா இருக்கு, தூரமா இருக்குன்னு ஒரே புகார். நல்ல ஓவியரா ஒருத்தரைப் பிடிச்சு நகர்த்திட்டோம். இப்ப யாரும் தூரம்னு சொல்ல முடியாது."

"மாலுமிகளும் இதைப் பார்த்துத்தான் ஓட்டுறாங்களா?" என்றாள் சித்தி.

"அவங்ககிட்ட பழசுதான் இருக்கு. புதுசை எல்லாத் துறைமுகத்துக்கும் அனுப்பணும். அனுப்பக் கப்பல் வேணுமே."

"நீங்க அனிமூசாவுக்கு வந்திருக்கீங்களா?"

"நானா! எனக்குக் கடல்னா குமட்டும். ஆகாசமும் ஆகாது. அதனாலதான் கப்பல் பக்கமும் சாயாம விமானத்துப் பக்கமும் சாயாம நடுநிலையா முடிவெடுக்க முடியுது."

ரோதான்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "ஐயா, எனக்கு ஞாயித்துக்கிழமை கல்யாணம். அங்க போகணும். வேற ஒண்ணும் கேக்கல."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "நீங்க காலையிலேயே போயாச்சே! பதிவாயிருக்கு பாருங்க."

"பின்ன இங்க எப்படி உட்கார்ந்திருக்கேன்?"

"அது உங்க சொந்த விஷயம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயணிகளோட சொந்த விஷயத்துல வாரியம் தலையிடறதில்ல."

வெளியே வந்தோம். எதிரில் ஒரு கம்பத்தில் கொடி அடித்துக்கொண்டிருந்த வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. ரோதான்தி அதையே பார்த்தபடி நடந்து ஒரு சைக்கிள்காரன்மேல் மோதினாள்.

சனிக்கிழமை எல்பிதா கிளம்பியது. ஒலிபெருக்கி வழக்கம்போல் பேசிக்கொண்டிருக்க, இடதுபுறத்தில் பிரேயஸ் நகர ஆரம்பித்தது. பயணிகள் பயந்துபோனார்கள். சொக்கட்டான்காரர் காய்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, "ஏன் போவுது? ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

நாள் முழுக்கக் கடல். சாயங்கால வெயிலில் அனிமூசாவின் துறை தெரிந்தது. ஊரே கரையில் நின்றது. கிளாரினெட், வயலின் எல்லாம் வந்திருந்தன. லினார்தோஸ் முன்வரிசையில், இந்தத் தடவை சட்டையோடு. ரோதான்தி வாகனத் தளத்துக்கு இறங்கிப்போய், இறங்குபலகை விழும் இடத்தில் முதல் ஆளாக நின்றுகொண்டாள். சித்தி தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

கப்பல் நின்றது. நின்றபடியே இருந்தது.

"என்னாச்சு?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். அவர் கழுத்தில் வாரியத்தின் பதக்கம் ஒன்று தொங்கியது.

"கயிறு போடணும். கரையில இருந்து அதைப் பிடிச்சுக் கட்ட ஒரு ஆள் வேணும்," என்றார்.

"ஆள் எங்க?"

"நான்தான் அந்த ஆள்." கொஞ்சம் வெட்கப்பட்டார். ப்ரோகோபிஸ் என்று பெயர். "ஏதென்ஸ்ல கயிறு பிடிக்கிற உயர்பயிற்சிக்கு அனுப்பியிருந்தாங்க. நாட்டுலயே முதலாவதா வந்தேன்."

"அதுக்கென்ன, கரையில இத்தனை பேர் நிக்கிறாங்களே!"

"தகுதி உள்ளவன் நான் ஒருத்தன்தானே."

"நீங்க இறங்கிப் போய்ப் பிடிங்களேன்."

"கயிறு கட்டாம எப்படி இறங்குறது?"

கரையில் லினார்தோஸ் இரண்டு கையையும் விரித்து, "போடுங்கடா கயித்தை! பதினஞ்சு வருஷமாக் கப்பல்ல இருக்கேன்டா!" என்று கத்தினான். ப்ரோகோபிஸ் தளத்திலிருந்து அவன் நிற்கும் விதத்தைக் கவனித்துவிட்டு, "முழங்கால் மடங்கல" என்றார். எவ்வளவு கிட்டே இருந்தோம் என்றால் அவன் கத்தியதற்கு ரோதான்தியால் சாதாரணக் குரலில் பதில் சொல்ல முடிந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல. நீ?"

"வாந்தியெடுத்தேன்."

அவ்வளவுதான் பேச முடிந்தது. கப்பல் பின்வாங்கியது. துறை எல்லைக்குள் பயணிகள் கொண்டுவரப்பட்டதால் அனைவரும் வந்து சேர்ந்ததாகக் கருதப்படுவார்கள் என்று அறிவித்தார்கள். கிளாரினெட்காரன் எதற்கோ ஊதத் தொடங்கிவிட்டு நிறுத்தினான். சித்தி இறங்குபலகையைக் கைப்பையால் அடித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த தீவான பெத்ரூசாவில் எங்களை இறக்கிவிட்டார்கள். அங்கே கயிறு பிடிக்க ஆள் இருந்தான், பயிற்சி இல்லாதவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே துறையில் நிகிதாஸ் என்பவர் தன் மரப்படகில் தர்பூசணி ஏற்றிக்கொண்டிருந்தார். அனிமூசாவுக்குத்தான் போகிறது.

"ஆள் ஏத்த மாட்டேன்," என்றார். "காத்து திரும்புது. பழம் உருண்டா சத்தம் போடாது. நீங்க போடுவீங்க."

"நான் கத்த மாட்டேன்," என்றாள் ரோதான்தி.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பழங்களை இருபுறமும் ஒதுக்கி நடுவில் ஒரு குழி பண்ணினார். அதில் உட்கார்ந்துதான் போனோம். பாதிக் கடலில் அலை படகைவிட உயரமாக எழுந்தது. மூன்று பழங்கள் கடலுக்குப் போயின. சித்தி எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, விட்டுப்போனவர்களிடம் மன்னிப்பும் கேட்டாள். நான் முடிப்பெட்டியைச் சட்டைக்குள் போட்டுக் கட்டிப்பிடித்தேன். ரோதான்தி கத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம்தான், கொஞ்சம்தான்" என்றாள். எங்களிடம் சொன்னதாகத் தோன்றவில்லை.

முனையைத் தாண்டியதும் கடல் தணிந்தது. சித்தி பழங்களுக்கு நடுவிலேயே மகளுக்குக் கல்யாண உடையை மாட்டிவிட்டாள். கொக்கி ஒன்று பூட்டவில்லை. அதன்மேல் சால்வையைப் போட்டாள்.

துறையில் ஊர் மறுபடியும் கூடியிருந்தது. கயிறு எறிந்தார் நிகிதாஸ். ஒரு கிழவர் பிடித்துக் கட்டினார். ரோதான்தி காலைத் தூக்கினாள்.

"நில்லும்மா!"

ஸ்தமாதிஸ். தீவில் வாரியத்தின் பிரதிநிதி. கல்யாணச் சட்டைக்கு மேல் வாரியத்தின் தொப்பி போட்டிருந்தான். நெற்றியில் வேர்வை. "ரோதான்தி, நீ இறங்க முடியாது. நீ ஏற்கனவே இறங்கியாச்சு. ரெண்டு தடவை. வெள்ளிக்கிழமை ஒண்ணு, நேத்து ஒண்ணு."

"அதனால?"

"தீவை விட்டுப் போகாதவங்க எப்படி மறுபடி வர முடியும்? முதல்ல நீ புறப்படணும். செவ்வாய்க்கிழமை கப்பல் இருக்கு."

லினார்தோஸ் அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்தான். நாலு பேர் விலக்கினார்கள். ஸ்தமாதிஸ் அழுகிற குரலில், "என்னைக் கொன்னாலும் அதுதான்டா விதி. வேணும்னா அவர்கிட்டயே பேசு" என்று கைபேசியை நீட்டினான். உள்ளிருந்து கலாந்திஸின் குரல் துறை முழுக்கக் கேட்டது.

"மக்களே, பதற வேண்டாம்! ஒருத்தரை மூணு தடவை வந்ததா எழுதினா நாளைக்கு எங்க புள்ளிவிவரத்தை யார் நம்புவா? வாரியத்தோட சொத்தே நாணயம்தான்."

சித்தி படகிலிருந்தே கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள். "மகனே, நான் பொண்ணோட அம்மா. உனக்குக் கடல்னா குமட்டும்னு சொன்னேல்ல? இப்பக் கொஞ்சம் கேளு." கைபேசியைக் கயிற்றில் தொங்கிய வாளிக்குள் போட்டுக் கடலில் இறக்கினாள்.

எங்கள் சாமியார் இசிதோரோஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பூசை அங்கி காற்றில் தலைக்குமேல் எழுந்தது. "ஸ்தமாதி, உன் கணக்குல மணப்பொண்ணு எங்க இருக்கா?"

"தீவுலதான், சாமி."

"மாப்பிள்ளை?"

"தீவுல."

"அப்ப எல்லாரும் வந்தாச்சு. நாளைக்கு நோன்பு. ஆரம்பிக்கலாம்." படகுக்குள் கால் வைத்தார். லினார்தோஸ் ஒரே தாவாகத் தாவினான். தீவிலிருந்து போவதற்கு எந்தக் காலத்திலும் எந்தத் தடையும் இருந்ததில்லை.

நிகிதாஸ் தொப்பியைக் கழற்றினார். படகின் ஆட்டத்தில் எனக்குக் கால் தரிக்கவில்லை. ஒரு கையால் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் முடிகளை மாற்றி வைத்தேன். ஒருதடவை லினார்தோஸின் முடி சாமியாரின் தலைக்குப் போய்த் திரும்பியது. மனைவி கணவனுக்கு அஞ்சி நடக்க வேண்டும் என்ற வாக்கு வந்ததும் பெண் மாப்பிள்ளையின் காலை மிதிப்பது வழக்கம். சரியாக அப்போது ஒரு அலை வந்தது. ரோதான்தி ஒரு வாரத்துக் கோபத்தோடு மிதித்தாள். லினார்தோஸ் அலறினான். கரையில் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பிறகு பலிபீடத்தைச் சுற்றுவதற்குப் பதிலாகத் தர்பூசணிக் குவியலைச் சுற்றினார்கள். கரையிலிருந்து எறிந்த அரிசியில் பாதி மீனுக்குப் போயிற்று.

எல்லாம் முடிந்தது. ஸ்தமாதிஸ் இன்னமும் துறை விளிம்பில் கைகளை விரித்தபடி நின்றான்.

"ஸ்தமாதி," என்றாள் ரோதான்தி, "நான் ஏற்கனவே தீவுல இருக்கேனா?"

"இருக்க."

"அப்ப இந்தப் படகுல நிக்கிறது யாரு?"

அவன் படகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான். "யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா, நீ யாரை மறிச்சுக்கிட்டு நிக்கிற?"

ஸ்தமாதிஸ் தன் விரித்த கைகளைப் பார்த்தான். மெதுவாகக் கீழே போட்டான். பிறகு தொப்பியைக் கழற்றி, கீழே கிடந்த அரிசியை அதில் அள்ளி அவள் தலையில் போட்டான்.

அவள் இறங்கினாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கோயில் மைதானத்தில் மேசை போட்டாயிற்று, ஆட்டுக்கறி ஆறுகிறது, அத்தை வீட்டில் முகம் கழுவலாம், மாமியார் வாசலில் தேனோடு நிற்கிறாள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கிளாரினெட்காரன் முன்னால் நடக்கத் தொடங்கினான்.

ரோதான்தி நாலு அடி நடந்து, கரையில் கப்பல் கட்டும் இரும்புக் குற்றி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிடி, ஊரே காத்துக்கிட்டு இருக்கு," என்றாள் சித்தி.

"காத்திருக்கட்டும்மா. கொஞ்ச நேரம் என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க."

லினார்தோஸ் நொண்டிக்கொண்டே வந்து அவள் காலடியில் கல்தரையில் உட்கார்ந்தான். யாரோ கிளாரினெட்காரனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஊர் முழுக்க ஆளுக்கொரு இடம் பார்த்து, படியிலும் வலைக்குவியலிலும் கவிழ்த்துப் போட்ட கூடைகளிலும் உட்கார்ந்தது. ரோதான்தி இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாகப் பதித்து, அது அசைகிறதா என்று பார்த்தாள்.